பெட்டிக்குப் பூட்டு கேட்கும் வயது

ஆறாம் வகுப்பில் சேர வரும் பையனின் தகரப் பெட்டிக்குப் பூட்டு இருக்காது. இருந்தாலும் சாவியை அம்மாவிடமே கொடுத்தனுப்பிவிடுவான். பெட்டி பகலெல்லாம் திறந்தே கிடக்கும். உள்ளே இருக்கும் முறுக்கு, பம்பரம், புளியங்கொட்டை எல்லாம் அறைக்கே பொது. ஏழாம் வகுப்பின் பாதியிலோ எட்டாம் வகுப்பின் தொடக்கத்திலோ ஒருநாள் என் அறை வாசலில் வந்து நிற்பான்.

"சார், கடைக்குப் போயிட்டு வரட்டுங்களா?"

"எதுக்குடா?"

"பூட்டு வாங்கணும் சார்."

தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் ஓர் அரசு மாணவர் விடுதியில் 22 ஆண்டுகளாகக் காப்பாளராக இருக்கிறேன். பதினொரு வயதில் வருகிறவன் பதினாறில் வெளியே போகிறான். பெற்றவர்களில் பலர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறவர்கள். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும்தான் பிள்ளையைப் பார்ப்பார்கள். குரல் உடைவதையும் மீசை அரும்புவதையும், கலகலவென்று பேசியவன் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லத் தொடங்குவதையும் அன்றாடம் பார்ப்பது நான்தான். உடம்பில் தெரியும் அடையாளங்களை மருத்துவர் வரிசையாகச் சொல்லிவிடுவார். மனசின் முதல் அடையாளம் என் கணக்கில் அந்தப் பூட்டு.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பெரிய தப்பு செய்ய வேண்டியிருந்தது. வேலைக்கு வந்த மூன்றாவது வருஷம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் பஸ் காசு காணாமல் போனது. கூடத்தில் எல்லாரையும் நிற்கவைத்துப் பெட்டி பெட்டியாகத் திறக்கச் சொன்னேன். ஒருவன் மட்டும் திறக்கமாட்டேன் என்றான். அவன்தான் எடுத்திருக்கிறான் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். சாவியைப் பிடுங்கி நானே திறந்தேன். துணிக்கடியில் ஒரு கண்ணாடித் துண்டு, பாதி தேய்ந்த ஷேவிங் பிளேடு, முகப்பருவுக்குப் போடும் களிம்பு ட்யூப் ஒன்று. அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். பிறகு கூடமே சிரித்தது. அவன் அழவில்லை, கத்தவில்லை. பெட்டியை மூடிக் கொக்கி போட்டான். மறுநாள் விடியற்காலை ஆள் இல்லை. ஊருக்கு நடந்தே போயிருந்தான். காணாமல் போன காசு, தொலைத்தவனின் சட்டைப்பை ஓட்டை வழியாக உள்துணியில் இறங்கிக் கிடந்தது.

அவனைத் திரும்ப அழைத்து வர மூன்று முறை அவன் ஊருக்குப் போனேன். வந்தான், படித்தான், பத்தாம் வகுப்பு தேறினான். ஆனால் கடைசி நாள் வரை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. திருட்டுப் பொருள் இருந்தால் மட்டும்தான் ஒருவன் பெட்டியைத் திறக்க மறுப்பான் என்று நினைத்தேன். பதினாலு வயதில் தன் முகமே ஒருவனுக்கு ரகசியம் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த வயதில் உடம்பு அவனைக் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ஒருநாள் பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் செய்தி அனுப்பத் தொடங்குகிறது. ஆண்பிள்ளைகளில் பெரும்பாலும் 9க்கும் 14க்கும் இடையில் இது நடக்கும். ஒரே வகுப்பில் ஒருவன் தாடியோடும், அவன் பக்கத்தில் உட்காருகிறவன் பால் முகத்தோடும் இருப்பது இதனால்தான். இருவருமே வெட்கப்படுவார்கள், ஒருவன் முந்திவிட்டோமே என்று, மற்றவன் பிந்திவிட்டோமே என்று. வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் வருஷத்தில் பையன் ஒன்பது சென்டிமீட்டர் அளவுக்குக்கூட உயர்ந்துவிடுவான். கையும் காலும் முதலில் நீளும். ஜூனில் வாங்கிய செருப்பு தீபாவளிக்கு ஆகாது. அவனே எதிர்பாராத நேரத்தில் தட்டு கை நழுவி விழும், குடம் இடறும். "கண்ணு எங்கடா இருக்கு?" என்று எங்கள் சமையலர் அக்கா திட்டுவார். கண் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. கைதான் நேற்று இருந்த இடத்தில் இல்லை. சோறு மூன்றாம் முறை கேட்டால் முகம் சுளிக்கக் கூடாது என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சோம்பேறி என்று பேர் வாங்கிய ஒருவன் இருந்தான். படிப்பு நேரத்தில் தூக்கம், விளையாட்டில் பாதியில் உட்கார்ந்துவிடுவது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது. வயசுக் கோளாறு என்றுதான் எல்லாரும் சொன்னோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் ஒன்பதுக்கும் கீழே. 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளில் நூற்றுக்கு 31 பேருக்கு ரத்தசோகை இருந்தது. பெண்பிள்ளைகளில் 59 பேருக்கு. இரும்புச்சத்து மாத்திரை சில மாதம் போட்டதும் பையன் வேறு ஆளாகிவிட்டான். அதிலிருந்து, குணத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் ரத்தம் பார்த்துவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

பெற்றவர்கள் அதிகம் மனம் உடைவது வேறு விஷயத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி ஓர் அம்மா வந்திருந்தார். கை நிறைய சிமெண்ட் வெடிப்பு. மகன் ஒன்பதாம் வகுப்பு. வாசலில் நாலு பையன்கள் நின்றிருந்தார்கள். அம்மா அவன் தலையைத் தடவப் போனார். அவன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "எதுக்கு வந்தே?" என்றான். அவர் கொண்டுவந்த பையை என் மேசைமேல் வைத்துவிட்டு, "எம்புள்ள மாறிட்டான் சார். முன்னெல்லாம் என் முந்தானையை விடமாட்டான்" என்று அழுதார். என்ன சமாதானம் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் கிளம்பிய பிறகு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனேன். அவன் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று, பஸ் நிறுத்தத்தை நோக்கி அம்மா நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் புளியமரங்களுக்குப் பின்னால் மறையும்வரை நகரவில்லை. நான் சத்தமில்லாமல் இறங்கி வந்துவிட்டேன். அன்று மாலை அந்த அம்மாவுக்குப் போன் போட்டுப் பார்த்ததைச் சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை.

வாசலில் நின்ற அந்த நாலு பேர்தான் விஷயம். அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெவ்வேறு வயதினரை வண்டி ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை ஆடவைத்தார்கள். சிலரைத் தனியாக, சிலரை நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க. நண்பர்கள் பார்க்கும்போது துணிந்து ஆபத்தில் இறங்குவது பெரியவர்களைவிட இளையவர்களிடம் மிக அதிகமாக இருந்தது. எனக்கு இதைப் படித்ததும் எங்கள் சன்ஷேடு ஞாபகம் வந்தது. தனியாக இருக்கும்போது ஏணியில்கூட ஏறப் பயப்படும் பையன், மூன்று பேர் கீழே நின்று பார்த்ததற்காக அந்தச் சன்ஷேடிலிருந்து குதித்துக் கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டான். யோசித்து நிதானிக்கும் முன்மூளை முழுதாக முதிர இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிவிடுகிறது. உணர்ச்சியும் ஆசையும் தூண்டும் பகுதிகளோ அதற்கு வெகு முன்பே முழுவேகத்தில் ஓடத் தொடங்கிவிடுகின்றன. பக்கத்தில் கூட்டாளிகள் இருந்தால் அந்த வேகம் இன்னும் கூடுகிறது.

நாலு பேர் முன்னால் நான் ஒரு கேள்வி கேட்டால் அவன் எனக்குப் பதில் சொல்வதில்லை; அந்த நாலு பேருக்குச் சொல்கிறான். "என்னடா முறைக்கிறே?" என்று கூடத்தில் கேட்டால் திமிரான பதில்தான் வரும். வேறு பதில் சொன்னால் அன்றிரவு அந்த அறையில் அவனால் நிம்மதியாகப் படுக்க முடியாது. என் தொழிலில் நான் கற்றதிலேயே பெரியது இதுதான். பிள்ளை மாறிவிட்டான் என்று நாம் சொல்லும்போது, யார் முன்னால் மாறினான் என்று கேட்க வேண்டும்.

ஆனால் தனியாக அழைத்து எதிரே உட்கார வைத்துக் கேட்டாலும் வாய் திறக்காது. அது விசாரணை ஆகிவிடும். நான் கண்டுபிடித்த இடம் சமையலறைத் திண்ணை. "வாடா, கீரை ஆயணும், ஆள் இல்லை" என்பேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில், கண் கீரையில். முதல் கட்டு முடியும்வரை கிரிக்கெட் பேச்சு. இரண்டாவது கட்டில் பெரும்பாலும் பேச்சே இருக்காது. அந்த மௌனத்தைத் தாங்கத் தெரிய வேண்டும்; எனக்கு அது வர வருஷங்கள் ஆயின. மூன்றாவது கட்டு பாதியில், தண்டைக் கிள்ளிக்கொண்டே, "சார், அப்பா வேற ஒருத்தங்களோட இருக்காருன்னு சொல்றாங்க" என்று ஒருவன் சொன்னான். இரண்டு மாதமாகச் சுவரில் குத்திக்கொண்டிருந்தவன். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதோடு நின்றிருப்பான். "யார் சொன்னா?" என்று மட்டும் கீரையைப் பார்த்துக் கேட்டேன்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பை நாலரை மணிக்கு எழுப்பிவிடுவதைப் பெருமையாகச் செய்துகொண்டிருந்தேன். தூக்கம் வரவழைக்கும் மெலட்டோனின் இந்த வயதில் சிறுபிள்ளைகளுக்குச் சுரப்பதைவிட இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. ஒன்பது மணிக்குப் படு என்றால் அவனால் முடியாது. புரண்டுகொண்டு கிடந்து பதினொன்றுக்குத் தூங்குவான். நாலரைக்கு எழுப்பினால் ஐந்தரை மணி நேரம். 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் சொன்னது. எங்களால் அவ்வளவு கொடுக்க முடியவில்லை; பள்ளி மணி நம் கையில் இல்லை. எழுப்பும் நேரத்தை ஆறுக்கு மாற்றினேன். காலையில் நடந்த சண்டைகள் கண்ணுக்குத் தெரியக் குறைந்தன.

இந்த வயதுக்காரர்களை 'விடலைப் பசங்க' என்று ஊரில் வைதுதான் சொல்கிறார்கள். சங்க இலக்கியத்தில் விடலை என்பது பாலைத்திணைத் தலைவனைக் குறிக்கும் சொல். வெயிலில் வழி நடப்பவன். அந்தச் சொல்லை அப்படியே வைத்திருந்திருக்கலாம் என்று தோன்றும்.

எல்லாவற்றையும் வயசு என்று தள்ளிவிடவும் முடியாது. கோபம் வரும், போகும். கதவை அறைபவன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். சாப்பாட்டுக்கே வராதவனைத்தான் நான் தேடிப் போகிறேன். இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், பிடித்த விளையாட்டுக்கும் போகாமல் இருக்கிறவன்; முழுக்கைச் சட்டையைச் சுருட்டவே மாட்டேன் என்கிறவன்; நான் இருந்து என்ன ஆகப்போகுது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவன். ஒருமுறை ஒரு பையன் தன் கிரிக்கெட் மட்டையைப் பக்கத்துக் கட்டில்காரனுக்குக் கொடுத்தான். மறுநாள் கைக்கடிகாரத்தை இன்னொருவனுக்கு. நல்ல மனசு என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று இரவு என் அறையில் படுக்கவைத்துக்கொண்டு, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்பதே பிடிப்பு. தலையை ஆட்டினான். காலையில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நானே கூட்டிப்போனேன். வரிசையில் மூன்று மணி நேரம் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். இப்போது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை, 2022இல் தொடங்கியது, எல்லா அறைக் கதவின் உள்பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். வெளிப்பக்கம் எழுதினால் யார் பார்க்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அந்தப் பஸ் காசு விவகாரத்துக்குப் பிறகு எங்கள் விடுதியில் பெட்டிச் சோதனை இல்லை. என் மேசை இழுப்பறையில் ஒரு டஜன் சின்னப் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். முன்பெல்லாம் இரண்டு சாவியில் ஒன்றை நான் வைத்துக்கொள்வேன். இப்போது இரண்டையும் கொடுத்துவிடுகிறேன்.

போன வாரம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "சார்" என்று தொடங்கினான். பாதியில் குரல் உடைந்து கீழே இறங்கியது. தானே திடுக்கிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டான். நான் இழுப்பறையைத் திறந்து பூட்டை எடுத்து நீட்டினேன். ஒரு சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். இன்னொன்றை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, எங்கே ஒளித்துவைக்கலாம் என்று கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தபடியே நடந்து போனான்.