அத்தை பார்த்தது பஸ்ஸை

போன வாரம் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி போன் செய்தாள். எங்கள் காலனியில் இருந்து அந்தப் படிப்புக்குப் போன இரண்டாவது ஆள் அவள். முதல் ஆள் நான். "அண்ணா, ஒரு படத்த அனலைஸ் பண்ணி எழுதணும். ரஞ்சித் படம் எடுத்தா, 'நீ அதத்தான எடுப்ப'ன்னு கிளாஸ்ல சிரிக்கிறாங்க. வேற எதனா சொல்லுங்க" என்றாள். அவசரத்தில், "பைசைக்கிள் தீவ்ஸ் எழுதும்மா" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு வெட்கமாகிவிட்டது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் எனக்குச் சொல்லப்பட்ட அதே பதில். படத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. 1948இல் வேலையில்லாத ஒரு தகப்பனைப் பற்றி எடுத்த மகத்தான படம். ஆனால் அவள் கேட்டது அது இல்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களில் பலருக்கும் அது உதவலாம்.

என்னைச் சமூகப் பணியாளனாகத்தான் பலருக்கும் தெரியும். சமூகவியல் எம்.ஏ.வுக்கு முன்பு மூன்று வருடம் நானும் விஸ்காம் மாணவன். துறையில் இருந்தது ஒரே ஒரு சோனி பி.டி. 170 கேமரா. வீட்டில் சொந்தக் கேமரா வைத்திருந்தவன் டைரக்டர், அவன் நண்பன் கேமராமேன். தெர்மாகோல் பிடிப்பது, டீ வாங்கி வருவது, ஆட்டோ பேசுவது என் வேலை. யாரும் சாதியைச் சொல்லி வேலை பிரிக்கவில்லை. பிரிந்து வந்தபோது அப்படித்தான் இருந்தது. ஸ்காலர்ஷிப் பணம் செமஸ்டர் முடிந்த பிறகுதான் வரும். கேசட் வாங்கவே அடுத்தவன் முகத்தைப் பார்க்கிறவன், "நான் டைரக்ட் பண்றேன்" என்று எப்படிக் கேட்பான்?

வகுப்பை நான் குறை சொல்ல மாட்டேன். குலஷோவ் பற்றிக் கேட்ட நாள் இன்னும் நினைவிருக்கிறது. சோவியத் ரஷ்யாவின் லெவ் குலஷோவ் ஒரு நடிகரின் முகத்தை எடுத்துக்கொள்கிறார். அதில் எந்த உணர்ச்சியும் இல்லை. அடுத்து ஒரு கிண்ணம் சூப்பைக் காட்டினால் பார்ப்பவர்கள் அவருக்குப் பசி என்கிறார்கள். சவப்பெட்டியைக் காட்டினால் துக்கம் என்கிறார்கள். முகம் ஒன்றுதான். அர்த்தத்தை முடிவு செய்வது அடுத்த ஷாட். எனக்குத் தலை சுற்றியது. ஊரில் எங்களைப் பார்க்கிற பார்வையும் இப்படித்தானே என்று தோன்றியது. கையைத் தூக்கிக் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டது இன்னொன்றும் உண்டு. திரைக்கதைக்கு இலக்கணமாக 'தேவர் மகன்' படத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்துச் சொன்னார்கள். அமைப்பு கச்சிதம்தான். ஆனால் அந்தப் படத்தின் ஒரு பாட்டு திருவிழா மைக்கில் போடப்பட்டால் எங்கள் தெருவில் என்ன நடக்கும் என்பது அந்த வகுப்பில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் பட ஆய்வுதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. 2023இல் 'மாமன்னன்' பாடல் வெளியீட்டு மேடையில், கமல்ஹாசனை முன்னால் வைத்துக்கொண்டே, அந்தப் படம் தனக்குள் ஏற்படுத்திய வலியை மாரி செல்வராஜ் பேசினார். அதைப் பார்த்தபோது என் பழைய நோட்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. முதல் திருப்பம், இரண்டாம் திருப்பம், எல்லாம் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

மூன்றாம் ஆண்டு குறும்படத்துக்கு 'ஏழ்மை' என்று தலைப்பு முடிவானது. லொகேஷன் வேண்டும் என்றார்கள். முதல் முறையாக என்னிடம் ஏதோ இருந்தது. எங்கள் காலனிக்கு எல்லோரையும் கூட்டி வந்தேன். நடிக்க என் அத்தை ஒத்துக்கொண்டார். ஷூட்டிங் என்றதும் மஞ்சள் பூசிக் குளித்து, தீபத்துக்கு எடுத்த புடவையைக் கட்டி, கம்மல் போட்டுக்கொண்டு வந்து நின்றார். டைரக்டர் என்னைப் பார்த்தான். சொல்ல வேண்டியதை நானே சொன்னேன்: "அத்த, பழைய பொடவ கட்டிக்கோ. கம்மல கழட்டிடு."

"ஏன்டா, நல்லாத்தான இருக்குது?" என்று கேட்டார். கழற்றிவிட்டார். பிறகு அழச் சொன்னோம். "நான் எதுக்குடா அழுவணும்? எனக்கு இன்னா கொற?" என்று சிரித்தார். அழுகை வரவே இல்லை. கடைசியில் வாசலில் உட்காரவைத்து, ரோட்டைப் பார்க்கச் சொல்லி ஒரு குளோசப் எடுத்தார்கள். எடிட்டிங் நான் செய்தேன். அந்த முகத்துக்கு அடுத்து, கவிழ்த்து வைத்த ஒரு காலிப் பானையை ஒட்டினேன். குலஷோவை நன்றாகவே படித்திருந்தேன்.

துறை விழாவில் கைதட்டினார்கள், இரண்டு பேர் அழுதார்கள். சி.டி.யைக் கொண்டுவந்து வீட்டில் போட்டுக் காட்டினேன். பானை வந்த இடத்தில் அத்தை சொன்னார்: "டேய், நான் தண்டராம்பட்டு பஸ்ஸு வருதான்னு பாத்துகினு இருந்தேன்டா. அது யாரு வூட்டுப் பான?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். பக்கத்து வீட்டுப் பானை அது.

பிறகு வந்த வருடங்களில் நான் பார்த்த படங்களை எல்லாம் அந்தக் கேள்வியோடுதான் பார்த்தேன். ஆர்.பி. அமுதனின் 'பீ' (2003) மதுரையில் ஒரு தெருவைக் கூட்டி அள்ளும் பெண்ணின் கூடவே நடக்கிறது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) துப்புரவுத் தொழிலாளர்களின் கதை. அதை எடுத்ததற்காக அவர் மீது வழக்கும் மிரட்டலும் வந்தன. இரண்டிலும் தொழிலாளர்களே பேசுகிறார்கள், திட்டுகிறார்கள், கணக்குக் கேட்கிறார்கள். நாகராஜ் மஞ்சுளேவின் 'ஃபன்ட்ரி' (2013) மராத்திப் படத்தில், பன்றி பிடிக்கும் குடும்பம் பள்ளியில் தேசிய கீதம் ஒலிக்கக் கேட்டதும் துரத்துவதை நிறுத்திவிட்டு அசையாமல் நிற்கிறது. பிடித்த பன்றியை அம்பேத்கர், புலே படங்கள் வரைந்த சுவரைக் கடந்து தூக்கிப் போகிறார்கள். அங்கே அடுத்த ஷாட் எது என்பதை அந்த வலி தெரிந்தவர் முடிவு செய்திருக்கிறார். கடைசியில் பையன் எறியும் கல் கேமராவை நோக்கியே வருகிறது. என் மேல் விழ வேண்டிய கல் என்றுதான் நினைத்தேன்.

சினிமாவுக்கு மட்டுமான பாடம் இல்லை இது. 2023 ஜனவரி 30 அன்று நம் மாவட்டத்தின் தென்முடியனூரில், பல பத்தாண்டுகளாக உள்ளே விடப்படாத தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். மாவட்ட நிர்வாகமும் போலீஸும் கூட நின்றன. அன்று நான் பார்த்த ஒரு டி.வி. துண்டில் பொங்கல் பொருட்களோடு பெண்கள் நடந்து வருகிறார்கள். அடுத்த ஷாட்டில் போலீஸ் வரிசை. கீழே 'பதற்றம்' என்று எழுத்து. வெட்டி ஒட்டியதில், சாமி கும்பிடப் போனவர்களே பதற்றத்துக்குக் காரணம் போல ஆகிவிட்டது. இத்தனை வருடம் வாசலை மறித்தது யார் என்பதற்கு அதில் ஒரு ஷாட்கூட இல்லை. விஸ்காம் படிக்கிற பிள்ளைகள் இப்படி ஒரு துண்டை எடுத்து, ஷாட் ஷாட்டாகப் பிரித்து அசைன்மென்ட் எழுதலாம். யாரும் சிரிக்க முடியாது.

அதே ஜனவரியில்தான் கோட்டயத்தில், முதல் தலித் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் பெயரில் இயங்கும் திரைப்படக் கல்லூரியின் மாணவர்கள் போராட்டத்தில் இருந்தார்கள். இட ஒதுக்கீடு மீறப்படுகிறது, துப்புரவுத் தொழிலாளர்களை இயக்குநர் வீட்டு வேலை செய்ய வைக்கிறார்கள் என்பவை அவர்களின் புகார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய போராட்டம் இயக்குநரின் ராஜினாமாவுக்குப் பிறகே முடிந்தது. தெர்மாகோல் பிடித்தே மூன்று வருடத்தை ஓட்டிய எனக்கு அந்தச் செய்தி தந்த தெம்பு கொஞ்சம் இல்லை.

இன்று கேமரா எல்லோர் கையிலும் இருக்கிறது. களத்துக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது சின்ன விஷயங்கள்தான். ஷாட்டைப் பத்து நொடியாவது ஆட்டாமல் பிடியுங்கள். சத்தம் சரியாக வரக் கிட்டே போங்கள். எடுத்த பிறகு அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். "இது வேணாம்" என்றால் வெளியே விடாதீர்கள். வெட்டாத ஃபைலை அழிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை மட்டும் நம்பாதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் கேட்கிறது. எந்தப் போனில் எடுத்தீர்கள், ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே முக்கியம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(10) பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளின் நடவடிக்கைகளை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அதைக் கேட்டு வாங்கவும் பழகுங்கள்.

நேற்று அந்தத் தங்கையை மறுபடி கூப்பிட்டேன். பைசைக்கிள் தீவ்ஸ் வேண்டாம், வேறொரு படம் இருக்கிறது என்று 'ஏழ்மை' கதையைச் சொன்னேன். சிரித்தாள். "ஒரிஜினல் கேசட் இருக்காண்ணா?" என்று கேட்டாள். பீரோவில் இருக்கிறது. போட்டுப் பார்க்கத்தான் என்னிடம் மெஷின் இல்லை. அவள் துறையில் பழைய டெக் ஒன்று மூடிக் கிடக்கிறதாம், கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். அத்தையிடம் சொன்னேன். அவருக்கு இப்போது பல் இரண்டு போய்விட்டது. அந்தக் கம்மலும் இல்லை, அடகில் போய்விட்டது.

"கம்மலோட எடுத்தது அதுல கீதா?" என்று கேட்டார். இருக்க வேண்டும். கழற்றச் சொல்வதற்கு முன்னால், லைட் பார்க்க ஒரு டெஸ்ட் ஷாட் எடுத்தோம்.