அரைப்பேரும் அடைப்புக்குறிகளும்

ஆடி மாதத்தில் அட்டன் பக்கம் பிற்பகலிலேயே முகில் வாசல்வரை இறங்கிவிடும். வெளியே போக வழியற்ற அத்தகைய நாட்களில்தான், ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரனாகிய நான் கணினி மொழி ஒன்றை உருவாக்கும் விளையாட்டில் இறங்கினேன். செக்ரோல் கணக்கைத் தமிழ்ச் சொற்களில் எழுதினால் கணினி அதனைப் புரிந்துகொண்டு செய்யவேண்டும். ஆசை அவ்வளவே.

செக்ரோல் என்றால் என்னவென்று கடல்கடந்து வாழும் வாசகர்கள் கேட்கக்கூடும். தோட்டத் தொழிலாளரின் நாள்வரவைப் பதியும் ஏடு அது. ஒரு நாள் வேலை ஒரு 'பேர்'. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். கூடுதலாகப் பறித்தால் அதற்குத் தனிக் காசு. நிறுக்கும்போது சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிப்பார்கள். எண்ணிப்பார்த்தால், அடுக்கடுக்கான நிபந்தனைகளால் ஆன நிரல்தான் அது.

முதலில் அந்தத் தொகுப்பியை சி மொழியில் எழுதினேன். 3000 வரிகளுக்கு நீண்டது. புதிய விதியொன்றைச் சேர்ப்பதென்றால் சொற்களைப் பிரிக்கும் பகுதி, அவற்றை மரமாக அடுக்கும் பகுதி, சரிபார்க்கும் பகுதி, கட்டளையாக மாற்றும் பகுதி என்று நான்கு இடங்களில் கைவைக்க வேண்டியிருந்தது. சலித்துப்போய், சென்ற ஆண்டு அனைத்தையும் லிஸ்பில் புதிதாக எழுதத் தொடங்கினேன்.

லிஸ்ப் 1958இல் ஜான் மெக்கார்த்தி எம்.ஐ.டி.யில் வகுத்த மொழி. 1962இல் டிம் ஹார்ட், மைக் லெவின் இருவரும் அதற்கான தொகுப்பியை லிஸ்பிலேயே எழுதி, அதனைக்கொண்டே அதனைத் தொகுத்தும் காட்டினர். மறு ஆண்டு ஹார்ட் மேக்ரோக்களைச் சேர்த்தார். லிஸ்பில் தரவும் பட்டியல், நிரலும் பட்டியல். ஆகையால் தொகுப்பதற்கு முன்பே ஒரு பட்டியலை வாங்கி வேறொரு பட்டியலாக்கித் தருவது எளிது. மேக்ரோவின் வேலை அதுதான். ஈய எழுத்துக் காலத்து அச்சகத்தில் பழகியவர்களுக்கு இது புதிதன்று. நாள்தோறும் வரும் பகுதித் தலைப்புகளை ஒருமுறை கோத்து, நூலால் கட்டி வைத்திருப்பார்கள். தேதியை மட்டும் மாற்றி அச்சேற்றுவார்கள்.

லிஸ்பில் வினை முதலில் நிற்கும். தமிழுக்கு அது ஒவ்வாது. முத்து அண்ணாமலை உருவாக்கி, 2009இல் கட்டுரையாகவும் எழுதிய எழில் மொழியில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னும் வருவதைக் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். குளோஜர் என்னும் லிஸ்ப் வழிமொழிக்குத் தமிழ்ச் சொற்களைச் சூட்டினார் இளங்கோ சேரன். நான் செய்ததோ மிகச் சிறியது: பட்டியலின் கடைசிச் சொல்லைத் தூக்கி முதலில் வைக்கும் ஒரு மேக்ரோ. அதன்பின் வினையை இறுதியில் வைத்தே எழுத முடிந்தது. 3000 வரிகள் 700 ஆயின.

சோதித்துப் பார்க்கக் கணக்கு வேண்டுமே! 1968ஆம் ஆண்டின் நாட்காட்டித் தாள்கள் சில என்னிடம் உள்ளன. அம்மாவும் பக்கத்து லயத்து அத்தையும் மாலையில் வந்து அன்றைய இறாத்தல் கணக்கைச் சொல்ல, தாளின் பின்புறத்தில் அம்மாவுக்கு ஒரு வரி, அத்தைக்கு ஒரு வரியென்று நான்தான் எழுதிவைப்பேன். கூட்டல் கணக்கு எனக்கு வசப்பட்டது பள்ளிக்கூடத்தில் அன்று, அந்தத் தாள்களில்தான். அவற்றையே கணினிக்குக் கொடுத்தேன்.

வெளிவந்த ஏட்டில் பாதி வரிகளைக் காணவில்லை. அம்மாவின் நிறை ஒன்றுகூட ஏறவில்லை. இருந்தவையெல்லாம் அத்தையின் எண்கள்; ஆனால் முழுப்பேரா அரைப்பேரா என்ற தீர்ப்பு மட்டும் அம்மாவின் நிறையைக் கொண்டு எழுதப்பட்டிருந்தது.

பிழையைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் ஆயின. 'அடுத்த நிறையை வாசி' என்ற கட்டளையை என் அரைப்பேர் மேக்ரோவிடம் கொடுத்திருந்தேன். மேக்ரோ எண்ணை வாங்குவதில்லை, எழுதியதை அப்படியே வாங்கும். ஒப்பிடும் இடத்தில் ஒருமுறையும் பதியும் இடத்தில் ஒருமுறையும் அதே கட்டளையை அது ஒட்டிவைத்திருந்தது. முதல் வாசிப்பில் அம்மா வந்தார், இரண்டாவதில் அத்தை. லிஸ்ப் எழுதுவோர் நன்கறிந்த பழைய பிழைதான் இது. வேறெந்தப் பெயரோடும் மோதாத புதுப்பெயர் ஒன்றை ஜென்சிம் மூலம் பெற்று, நிறையை ஒரேமுறை வாசித்து அதில் இருத்தியதும் சரியாயிற்று.

எனக்கோ மனம் சரியாகவில்லை. அந்தத் தாள்களுள் ஒன்றில், அம்மா அன்று போதிய நிறை பறித்திருந்தும், அருகில் 'அரைப்பேர்' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. தம்முடைய கொழுந்தை வேறொருவர் பேரில் எழுதிவிட்டார்கள் என்று அம்மா மடுவத்தில் போய்ச் சொன்னதும், ஏட்டில் எழுதியது எழுதியதுதான் என்று திருப்பி அனுப்பப்பட்டதும் எனக்கு நினைவிருக்கிறது.

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அருகில் அமர்ந்து, நடந்ததை இயன்ற அளவு எளிமையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அன்னைக்கி ஏங் கொழுந்த யாரு பேருல எழுதுனாங்கன்னு இந்த மெசினு சொல்லுமாப்பா?"

சொல்லாது அம்மா என்றேன்.