முப்பத்தெட்டு பேர் போகும் வண்டிக்கு எந்த மேப்?



சென்ற மாதம் திருக்கடையூரில் எங்கள் மாமாவுக்கு (என் அக்கா கணவர்) சதாபிஷேகம் நல்லபடியாக நடந்தது. காஞ்சிபுரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் முப்பத்தெட்டு பேர் போய் வந்தோம். படங்களைப் பார்த்து வாழ்த்து எழுதிய அனைவருக்கும் நன்றி. உறவினர்கள் அக்காவின் புடவையைப் பற்றிக் கேட்டார்கள். அது நம் வீட்டுத் தறியில் நெய்தது. மாணவர்கள் பஸ்ஸைப் பற்றிக் கேட்டார்கள். அதிலும் 1998-இல் பத்தாம் வகுப்பு முடித்த ஒருவர், அப்பா அம்மாவைப் படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ள கேரவன் வண்டியில் கோயில் கோயிலாகக் கூட்டிப் போகப் போகிறாராம். "சார், நீங்கள்தானே புவியியல் நடத்தினீர்கள், அவ்வளவு பெரிய வண்டிக்கு எந்த மேப் நல்லது?" என்று கேட்டிருக்கிறார். கமெண்டில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. அதனால் தனிப் பதிவாகப் போடுகிறேன்.

எங்கள் நிலைமையை முதலில் சொல்கிறேன். மாமாவுக்கு மூட்டுவலி, சக்கர நாற்காலி. எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் இன்னும் நான்கு பேர், கைக்குழந்தைகள் இரண்டு. முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு. முந்தைய இரவே போய்ச் சேர வேண்டும், அதுவும் கூடியவரை மண்டபத்து வாசலுக்கே போக வேண்டும். தெரு தப்பிவிட்டால் காரைப் போல இரண்டு முறை முன்னே பின்னே எடுத்துத் திருப்பிக்கொள்ள முடியாது. இருட்டில், இரண்டு பக்கமும் வாய்க்கால் உள்ள தெருவில் மாட்டினால், மாமாவைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும்.

பஸ் வந்து நின்றதும் முதல் வேலையாக டேப் எடுத்து அளந்தேன். ஓட்டுநர் தம்பி சிரித்தார். நீளம் 11 மீட்டருக்குச் சற்று அதிகம். அகலம் 2.5 மீட்டர், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கக் கண்ணாடிகள் இதில் சேராது. உயரத்தை மூங்கில் கழி வைத்துப் பார்த்தோம். கூரை மேல் உள்ள ஏசி பெட்டியோடு சேர்த்து 3.4 மீட்டர். இந்த மூன்று எண்களையும் ஒரு அட்டையில் எழுதி ஓட்டுநர் கண்ணுக்கு எதிரே ஒட்டினேன். ரயில்வே சுரங்கப் பாதைக்கு முன்னால் உயரம் எழுதிய பலகையைப் பார்த்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

இப்போது மேப்புக்கு வருகிறேன்.

நம் எல்லோர் கையிலும் இருப்பது கூகுள் மேப்ஸ். நெரிசலையும் போய்ச் சேரும் நேரத்தையும் சொல்வதில் அதற்கு ஈடு நான் பார்த்ததில்லை. ஆனால் அது உங்களிடம் கார், இரு சக்கர வாகனம், நடை, பொதுப் போக்குவரத்து என்றுதான் கேட்கும். "உன் வண்டி எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம்?" என்று கேட்காது. பஸ்ஸில் அதைத் திறந்து வைத்தாலும் அது கணக்குப் போடுவது காருக்குத்தான். 2024 ஜூலையில் இந்தியாவில் எட்டு நகரங்களில் குறுகிய சாலைகளைத் தவிர்க்கும் வசதி கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும் அதில் உண்டு. அதுவும் காரை மனதில் வைத்துச் செய்ததே. அதே ஆண்டு ஜனவரியில் கூடலூரில், செயலி காட்டிய வழியில் போன ஒரு கார் படிக்கட்டில் இறங்கி நின்ற படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்த்துச் சிரித்தோம். நவம்பரில் உத்தரப்பிரதேசத்தில் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்திலிருந்து கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களும் செயலி காட்டிய வழியில்தான் போனார்கள் என்று செய்தி வந்தது. அதன் பிறகு சிரிப்பு வரவில்லை.

வெளிநாட்டில் இதற்கென்றே தனிக் கருவி விற்கிறார்கள். கார்மின் போன்ற நிறுவனங்கள் லாரிக்கு ஒன்று, கேரவனுக்கு ஒன்று என்று செய்கின்றன. உயரம், அகலம், நீளம், எடை ஆகியவற்றைப் பதிந்துவிட்டால் அதற்கு ஏற்ற சாலையை மட்டும் காட்டும். அப்படியும் அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்து டர்ஹாம் நகரில், 11 அடி 8 அங்குல உயரமுள்ள ஒரு ரயில் பாலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட லாரிகள் கூரையைக் கிழித்துக்கொண்டன. 2019-இல் பாலத்தையே 8 அங்குலம் உயர்த்தினார்கள். எச்சரிக்கைப் பலகை, விளக்கு எல்லாம் அங்கே முன்பே இருந்தவைதான்.

நம் ஊரில் அதற்கு அருகில் வருவது ஓஸ்ம்ஆண்ட் என்ற செயலி. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்று 2004-இல் தொடங்கி உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் வரைபடம் ஒன்று உண்டு. இது அதை வைத்து ஓடுகிறது. முழு மாநிலத்தையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம், இணையம் தேவையில்லை. லாரி என்று தேர்ந்தெடுத்து உயரம், அகலம், எடையைக் கொடுக்கலாம். பேத்தி அதில் எங்கள் அளவுகளைப் பதிந்தாள். வழி கொஞ்சமும் மாறவில்லை! காரணம் எளிது. எந்தப் பாலம் எவ்வளவு உயரம் என்று யாராவது ஒருவர் போய்ப் பார்த்துப் பதிந்திருந்தால்தானே செயலி தவிர்க்கும்? நம் பக்கத்துப் பாலங்களில் பலவற்றுக்கு இன்னும் யாரும் பதியவில்லை. ஆகவே அது "போகலாம்" என்று சொன்னால், "தடை இருப்பதாக எனக்குத் தகவல் இல்லை" என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் செயலியையும் வைத்திருந்தோம். வேகத்தடைகளை முன்கூட்டியே சொல்லும் என்பதால் அக்காவுக்கு அது பிடித்துப்போனது.

உறவினர்களில் பலருக்கு உள்ள ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். சிக்னல் போனால் மேப்பும் போய்விடும் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைச் சொல்வது சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள். அதற்கு டேட்டா செலவாகாது. டேட்டா தேவைப்படுவது படத்துக்கும் நெரிசல் தகவலுக்கும்தான். படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டால், டவர் இல்லாத இடத்திலும் நீலப் புள்ளி நகரும். கூகுள் மேப்ஸிலும் ஒரு பகுதியை இப்படி இறக்கிக்கொள்ளலாம்.

1802-இல் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கிய கதையை வகுப்பில் சொல்லி உங்களைத் தூங்கவைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? அந்த சர்வே ஆஃப் இந்தியா தாள்கள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. சாலைகள் பழையவை, வழி பார்க்க உதவாது. ஆனால் ஏரி, கால்வாய், ஆற்றின் கிளை எங்கே என்று அவற்றில் தெளிவாகத் தெரியும். டெல்டாவில் எந்தக் குறுக்குச் சாலை எத்தனை வாய்க்காலைத் தாண்டுகிறது என்று எண்ணிப் பார்க்க அதுதான் உதவியது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு மதகு, ஒவ்வொரு மதகிலும் சாலை குறுகும்.

கடைசியில் வழியை முடிவு செய்தது ஒரு பழைய விதி: அரசு பஸ் ஓடும் சாலையில் நம் பஸ்ஸும் ஓடும். வந்தவாசி, திண்டிவனம், விக்கிரவாண்டி, பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம், சீர்காழி. எல்லாச் செயலிகளும் புதுச்சேரி வழியைத்தான் காட்டின. ஆனால் புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். தமிழ்நாட்டு பெர்மிட் மட்டும் உள்ள வாடகை பஸ் அங்கே நுழையத் தனி அனுமதியும் வரியும் வேண்டும். அகில இந்திய சுற்றுலா பெர்மிட் இருந்தால் கவலையில்லை. எங்கள் வண்டிக்கு அது இல்லை. இதை எந்த மேப் சொல்லும்? ஓட்டுநர் தம்பிதான் சொன்னார். கேரவன் எடுக்கும் தம்பி, வாடகை பேசும்போதே இதைக் கேட்டுவிடு.

வழியை ஊர் ஊராக ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டேன். பஸ் கிளம்பும் முன் ஒரு கட்டளையும் போட்டேன்: ஒரே ஒரு போன்தான் பேசும், அது முன்சீட்டில் இருக்கும், மற்றவர்கள் வழி சொல்லக் கூடாது. முப்பத்தெட்டு பேரிடம் முப்பது போன் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு வழி சொன்னால் ஓட்டுநர் என்ன செய்வார்?

சீர்காழி தாண்டியதும் இரவு எட்டு மணி. போன் திடீரென்று இடது பக்கம் ஒரு சாலையைக் காட்டி, பன்னிரண்டு நிமிடம் மிச்சம் என்றது. குழந்தைகள் அழுகை, மாமாவுக்குக் கால் மரத்துவிட்டது. பின்னாலிருந்து மருமகன்கள் மூவர், "மாமா, திரும்பச் சொல்லுங்க" என்று ஒரே குரலில் கத்தினார்கள். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து என் முகத்தைப் பார்த்தார். நான் தாளைக் காட்டினேன். நேராகவே போனோம். சின்ன மருமகன் கொஞ்ச நேரம் என்னோடு பேசவில்லை. அடுத்த டீக்கடையில் நிறுத்தியபோது அவரே போய்க் கடைக்காரரிடம் அந்தச் சாலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். "அந்த மதகுல டிராக்டரே ஒதுங்கி ஒதுங்கிப் போவுங்க" என்றாராம். திரும்பி வந்து எனக்கும் ஒரு டீ கொடுத்தார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி ஒரு கிலோமீட்டருக்கு எந்தச் செயலியையும் நம்பவில்லை. முதல் நாளே மண்டபத்துக்காரருக்குப் போன் செய்து, "எங்க பஸ் 11 மீட்டர் நீளம், எதுவரைக்கும் வரும்?" என்று கேட்டிருந்தேன். வாசல் வரை வராது, எங்கே நிறுத்த வேண்டும் என்று இடம் சொல்லி, அங்கே ஒரு ஆட்டோவும் ஏற்பாடு செய்திருந்தார். மாமா ஆட்டோவில் போய் இறங்கினார். மறுநாள் காலை ஆறு மணிக்கு மனையில் உட்கார்ந்திருந்தார்.

கேரவன் தம்பி காஞ்சிக்கும் வருவார் என்று நினைக்கிறேன். அவருக்காக இது. தேர் ஓடும் வீதியில் பஸ் ஓடும். ராஜ வீதிகளில் அகலத்துக்குக் குறைவில்லை. ஆனால் தேருக்கு வழிவிட அன்றைக்கு மின்கம்பியைக் கழற்றுவார்கள், உன் வண்டிக்குக் கழற்ற மாட்டார்கள். பிள்ளையார்பாளையம் பக்கம் விடியற்காலையில் வண்டியை விடாதே. தெரு நீளத்துக்குப் பாவு கட்டி நீட்டியிருப்பார்கள். மேப்பில் அது திறந்த சாலைதான். அந்த நேரத்தில் அது நெசவாளர் தறிக்கூடத்தின் ஒரு பகுதி. வரதர் கருடசேவை அன்று சின்ன காஞ்சிபுரம் பக்கமே வராதே. 2019-இல் அத்திவரதர் வைபவம் நடந்த 48 நாளும் வெளியூர் பஸ்களை ஊர் எல்லையிலேயே நிறுத்தினார்கள். கோயில் பக்கத்தில்தான் என்று போனில் பார்த்துவிட்டு வந்த பெரியவர்கள் வெயிலில் எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

வெள்ளைகேட் பக்கம் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கியதும் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய். வருவதற்கு முன் உன் வண்டியின் உயரத்தை மட்டும் அளந்து அனுப்பு. எங்கள் தெருமுனையில் கேபிள் டிவி ஒயர் ஒன்று தாழ்ந்து தொங்குகிறது, அதை அளந்து வைக்கிறேன்.