டயரைக் குற்றம் சொல்லாதீர்கள்

மலாக்கா, தெங்கேரா சாலையில் 1728-இல் கட்டப்பட்ட பழைய பள்ளிவாசலைத் தாண்டி, உள்ளே திரும்பும் சந்தில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. முப்பது ஆண்டுகளாக அங்கேதான் கார் பழுது பார்க்கிறேன். பட்டணத்துக்காரர்களும் வருவார்கள், மஸ்ஜித் தானா, டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டங்களை விட்டு வெளியேறி அடுக்குமாடிகளில் குடியேறிய நம்மவர்களும் வருவார்கள். 1985-இல் அறிமுகமான சாகாவும் 1994-இல் வந்த கஞ்சிலும் இன்னும் பல குடும்பங்களைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

"டயர் சீக்கிரமாத் தேயுது" என்பதுதான் இவர்களில் பலர் கொண்டுவரும் புகார். நான் டயரைப் பார்த்த கையோடு டைராட்டையும் பார்த்துவிடுவேன்.

ஸ்டீரிங்கைத் திருப்பும்போது அந்த அசைவை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் இரும்புக் கம்பிதான் டைராட். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அதன் வெளிநுனியில் இருப்பதை டைராட் எண்ட் என்போம். உள்நுனியில் இருப்பது ரெக் எண்ட். இரண்டிலும் நம் தோள்மூட்டைப் போல ஒரு பந்துமூட்டு இருக்கும். அதற்குள் கிரீஸ், மேலே ரப்பர் உறை. ரப்பர் கிழிந்தால் மழைநீரும் மண்ணும் உள்ளே புகுந்துவிடும், கிரீஸ் வெளியேறிவிடும். பிறகு மூட்டு தேய்ந்து ஆடத் தொடங்கும். மேடுபள்ளமான செம்மண் சாலையில் ஓடும் காருக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

போன ஆண்டு ஒரு மாலை, பத்து பிரண்டாம் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தம்பி தன் சாகாவைக் கொண்டுவந்தான். அவன் அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். எனக்கு நல்ல பழக்கம். நான்கு மாதத்துக்கு முன் போட்ட முன்டயர்கள், உள்ஓரம் மட்டும் தேய்ந்திருந்தன. கையால் தடவினால் ரம்பப் பல் போல உறுத்தியது. இரண்டு இடங்களில் அலைன்மெண்ட் செய்தும் பலனில்லை என்றான். மூட்டு ஆடும்போது அலைன்மெண்ட் எப்படி நிற்கும்? மெஷினில் அளவு சரியாகக் காட்டும். அடுத்த பள்ளத்தில் இறங்கியதும் கலைந்துவிடும்.

காரை ஜேக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்தேன். சக்கரத்தைக் கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து அசைத்தேன். 'கடக்' என்றது. 12, 6 இடங்களில் பிடித்து அசைத்தேன்; ஆட்டமில்லை. மேலும் கீழும் ஆடினால் பேரிங்கையோ பால் ஜாயிண்டையோ சந்தேகிக்கலாம். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் முதல் சந்தேகம் டைராட் மேல்தான். காரை இறக்கி, அவனை ஸ்டீரிங்கை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லி, மூட்டின் மேல் விரலை வைத்தேன். இடப்பக்க டைராட் எண்ட் குழிக்குள் தளர்ந்து துள்ளியது. ரப்பர் கிழிந்து, உள்ளே துரு.

"அண்ணே, காலையில அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். வாரத்துக்கு மூணு நாள். சம்பளம் வந்ததும் செஞ்சுக்கலாமே?"

"தம்பி, இது கழண்டுட்டா அந்தப் பக்கத்துச் சக்கரம் அது இஷ்டத்துக்குத் திரும்பும். ஸ்டீரிங் உன் கையில இருக்கும், சக்கரம் இருக்காது. அம்மாவை இதுல உட்கார வைக்கலாமா?"

அவன் பதில் சொல்லவில்லை. உதிரிபாகக் கடைத் தவுக்கே கடை அடைக்கப் போகும் நேரம். போன் செய்து இரண்டு பக்கத்துக்கும் எடுத்துவைக்கச் சொன்னேன். அவற்றின் விலை ஒரு புது டயரின் விலைக்குள் அடங்கிவிட்டது. பணத்தைச் சம்பளத்துக்குப் பிறகு வாங்கிக்கொண்டேன்.

வேலை பெரிதில்லை. பூட்டு நட்டைத் தளர்த்தி, கோட்டர் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, புல்லர் போட்டு மூட்டைப் பிரித்தேன். பழையதைத் திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டேன். புதியதையும் அதே சுற்றுக்கு ஏற்றினேன். கோட்டர் பின் மட்டும் எப்போதும் புதிது போட வேண்டும். நட்டின் பிளவு துளைக்கு நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டுமே தவிர, பின்னால் தளர்த்தக் கூடாது.

சுற்று எண்ணிப் போடுவது ஓரளவுக்குத்தான். "அம்மாவை இறக்கிவிட்டதும் நேரா அலைன்மெண்ட் கடைக்குப் போ, அதுவரைக்கும் மெதுவா ஓட்டு" என்று சொல்லி அனுப்பினேன். தேய்ந்த மூட்டைக் கேட்டு வாங்கிப்போனான். அம்மாவிடம் காட்டினானாம். "என் முட்டி மாதிரியே இருக்கேடா" என்றாராம் அவர்.

நம் நாட்டில் வாடகைக் காரும் லோரியும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போயாக வேண்டும். சொந்தக் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெயர் மாற்றும்போது செய்யும் சோதனையோடு சரி. பிரிட்டனில் மூன்று வயதான காரை ஆண்டுதோறும் சோதிக்கிறார்கள். ஸ்டீரிங் மூட்டுகளும் அதில் அடக்கம். இங்கே அந்த வேலை நம் தலையில்தான்.

ஆகவே வாசகர்களே, ஸ்டீரிங்கில் வெற்று ஆட்டம் கூடினாலோ, மெதுவாகப் போகும்போது பள்ளத்தில் முன்பக்கம் தட்டும் சத்தம் கேட்டாலோ, டயர் ஒரே ஓரமாகத் தேய்ந்தாலோ, புது டயருக்குப் பணம் கொடுக்கும் முன் டைராட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் மாற்றப் போகும்போதே கேட்கலாம். ஐந்து நிமிட வேலைதான். பின்இருக்கையில் யார் உட்கார்ந்து வருகிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட மனம் வராது.