தாய்மொழியைக் கேட்ட ஆசிரியர்

மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் அவர்களை வழியனுப்பிய கதை புதிதன்று. திருத்தணியில் 1888ஆம் ஆண்டு பிறந்த அப்பெருமகனார், 1918இல் மைசூர் மகாராஜா கல்லூரிக்குத் தத்துவப் பேராசிரியராக வந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1921இல், கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அவர் புறப்பட்ட நாளில் மாணவர்கள் மலர் சூட்டிய வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ரயில் நிலையம் வரையில் தாங்களே அதை இழுத்து வந்தார்கள். நான் அந்த நிலையத்தில் எழுத்தராக வேலை பார்ப்பவன். ஆண்டுதோறும் செப்டம்பர் 5ஆம் நாள், ஆசிரியர் தினத்தன்று, எங்கள் அலுவலகத்தில் யாரேனும் ஒருவர் இக்கதையைச் சொல்லாமல் இருப்பதில்லை. கேட்கக் கேட்க இனிக்கும் கதைதான். ஆயினும் வண்டியை இழுத்த அந்த இளைஞர்களின் நெஞ்சுக்குள் அவர் என்ன செய்திருந்தார் என்பதை மட்டும் கதை சொல்வதில்லை.

ஆசிரியர் ஒருவர் மாணவனின் நெஞ்சுக்குள் செய்வது என்ன என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது, அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின் இதே மைசூரில் நிகழ்ந்த வேறொன்று. அதில் மாலையும் இல்லை, ஊர்வலமும் இல்லை. ஒரு மாணவர் மனம் புண்பட்டு வீடு திரும்பினார், அவ்வளவே.

அந்த மாணவர் கே. வி. புட்டப்பா. பின்னாளில் குவெம்பு என்ற பெயரால் கன்னட நாடு போற்றிய மகாகவி. 1904ஆம் ஆண்டு பிறந்து, சிவமொக்கா மாவட்டத்தில் தீர்த்தஹள்ளியை அடுத்த குப்பளி என்னும் மலைநாட்டுச் சிற்றூரில் வளர்ந்தவர். காடும் மழையும் பாக்குத் தோட்டமுமாகிய அவ்விடத்தை விட்டு, படிப்பதற்காக மைசூருக்கு வந்தார். இங்கே ஆங்கிலக் கவிஞர்களின் நூல்கள் அவரை ஆட்கொண்டன. தாமும் ஆங்கிலத்திலேயே கவிதை எழுதலானார். 1922இல் அக்கவிதைகள் சிறு நூலாகவும் வெளிவந்தன. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பெருமையாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1924இல் ஜேம்ஸ் கசின்ஸ் என்னும் அயர்லாந்துக் கவிஞர் மைசூருக்கு வந்திருந்தார். அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பை ஏற்று 1915இல் இந்தியாவுக்கு வந்து, மதனப்பள்ளிக் கல்லூரியில் ஆசிரியப் பணி புரிந்தவர் அவர். நம் ஊர் ஜகன்மோகன் அரண்மனை ஓவியக்கூடம் உருவாவதற்குத் துணை நின்றவரும் அவரே. இளைஞர் புட்டப்பா தம் ஆங்கிலக் கவிதைகளை எடுத்துக்கொண்டு அவரைக் காணச் சென்றார். பாராட்டை எதிர்பார்த்துச் சென்றவருக்குக் கிடைத்தது ஒரு கேள்வி. கதர் உடுத்தி வந்திருக்கும் நீ கவிதையில் மட்டும் ஏன் அயல் சரக்கைக் கொண்டுவந்தாய், உன் மொழியில் ஏதேனும் எழுதியதுண்டா என்ற கருத்துப்படக் கசின்ஸ் கேட்டாராம். கன்னடத்தில் அத்தனை புதிய யாப்பு வகைகளுக்கு இடமில்லையே என்றார் மாணவர். மொழிக்கு அந்த வலிமை இல்லாமற் போவதில்லை, எழுதுகிறவன்தான் அதை உண்டாக்க வேண்டும் என்று கூறி, வங்கமொழியில் எழுதிய தாகூரை எடுத்துக்காட்டினார் அவர். இதைக் குவெம்பு அவர்களே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவ்வறையை விட்டு வெளியே வந்தபோது அவருக்கு வருத்தமும் சினமுமே மிகுந்திருந்தன. ஆனால் அதன் பின் அவர் கன்னடத்தில் எழுதலானார்.

கசின்ஸ் அவருக்கு வகுப்பாசிரியர் அல்லர். ஒரு நாளைய ஆசிரியர் என்றே சொல்ல வேண்டும். அக்கேள்வி அத்துணை ஆழமாகப் பாய்ந்ததன் காரணத்தை நான் பலமுறை எண்ணியதுண்டு. அயர்லாந்து மக்களின் பழைய மொழி தேய்ந்து, நாட்டின் ஓரங்களில் மட்டுமே வழங்கும் நிலையை அடைந்திருந்த காலத்தில் பிறந்தவர் கசின்ஸ். அவருக்கே ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழியில் கவிதை வரவில்லை. இழந்த வீட்டைச் சேர்ந்த ஒருவர், வீட்டை விட்டு வெளியேறிக் கொண்டிருந்த பிள்ளையைக் கைகாட்டி நிறுத்தியதாகவே எனக்குப் படுகிறது. இது என் ஊகம்தான்.

பின்னர் நடந்தவற்றை நாடறியும். குவெம்பு தாம் படித்த மகாராஜா கல்லூரியிலேயே 1929இல் கன்னட ஆசிரியரானார். 1956 முதல் 1960 வரை மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். அவருடைய 'ஸ்ரீ ராமாயண தரிசனம்' 1955இல் சாகித்திய அகாதமிப் பரிசையும், பின்னர் 1967ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசையும் பெற்றது. அந்தப் பெருங்காப்பியத்தை அவர் தம் கன்னடப் பேராசிரியர் டி. எஸ். வெங்கண்ணய்யாவுக்குக் காணிக்கையாக்கினார். நூல் முற்றுப்பெற்றபோது அந்த ஆசிரியர் உயிரோடு இல்லை, 1939இலேயே மறைந்துவிட்டார். வழி திருப்பியவர் ஓர் ஆசிரியர்; அவ்வழியில் உடன் நடந்தவர் மற்றோர் ஆசிரியர்.

இவ்வளவையும் நான் கல்லூரியில் கற்றேன் என்று அன்பர்கள் எண்ண வேண்டாம். என் படிப்பு பத்தாம் வகுப்போடு முடிந்தது. தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. குவெம்புவின் கதையை நான் கேட்டது ஓர் அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில். அவர் இயற்றிய கன்னட அன்னை வாழ்த்துப் பாடலை 2004ஆம் ஆண்டில் கர்நாடக அரசு மாநிலப் பாடலாக ஏற்றுக்கொண்டது. அதையொட்டி எங்கள் கன்னட ஆசிரியர், பாட்டின் பொருளை விளக்கிவிட்டு, பாடியவர் கவிஞரான வரலாற்றையும் சொன்னார். அவரை நாங்கள் 'மேஷ்டரு' என்றே அழைப்போம். சட்டைப் பையில் எப்போதும் சாக்குக் கட்டித் தூள் படிந்திருக்கும், உரத்துப் பேசாத மனிதர்.

சில நாள் கழித்து, 'என் பாட்டி' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார். வகுப்பில் அனைவரும் எழுதியதைப் போலவே நானும் எழுதினேன். பாட்டி அதிகாலையில் எழுவார், வாசலில் கோலமிடுவார், இராமாயணக் கதை சொல்வார். என் தந்தையின் தாய், தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரில் கேழ்வரகுக் கொல்லையில் களையெடுத்து வாழ்ந்தவர். இராமாயணம் சொல்ல அவருக்கு ஏது நேரம்? அவரை நாங்கள் ஆயா என்போம். அக்கட்டுரையை எழுதுவதற்கு ஒரு மாதம் முன்புதான் அவர் இறந்திருந்தார். பள்ளியில் யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை. ஊரில் சடங்குகள் முடிந்து திரும்பிய மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்துவிட்டேன். அழுததாகவும் நினைவில்லை.

மேஷ்டரு என் கட்டுரையைப் படித்தார். மாலையில் மணி அடித்தபின் என்னை நிறுத்திவைத்து, "இந்தப் பாட்டி எல்லார் நோட்டிலும் இருக்கிறாள். உன் பாட்டி எங்கே?" என்று கன்னடத்தில் கேட்டார். நான் பேசாமல் நின்றேன். "உன்னை அவர்கள் எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்றார். "சாமி என்று" என்றேன். "தெய்வம் என்றா?" என்று வியந்து, "சாமி" என்று ஒருமுறை தாமும் சொல்லிப் பார்த்தார். ஒரு மாதமாக யாரும் என்னை அப்படி அழைக்கவில்லை என்பதும், இனி அழைக்கப்போவதில்லை என்பதும் அக்கணத்தில்தான் எனக்கு உறைத்தன. பள்ளித் தாழ்வாரத்தில் நின்று தேம்பி அழுதேன். அவர் ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. நான் ஓயும் வரையில் பக்கத்தில் நின்றார். பிறகு, "அவர்கள் பேசிய பேச்சிலேயே எழுதிக்கொண்டு வா" என்றார்.

அங்கேதான் இடர்ப்பாடு. பேசத் தெரிந்த எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது. ரயில்வே குவார்ட்டர்ஸில் நம் பிள்ளைகள் பலருடைய நிலையும் அதுவே. ஆகவே ஆயாவின் தமிழைக் கன்னட எழுத்தில் எழுதினேன். "சாமி, கெழங்கு வெந்துருச்சு, சூட்டோட வந்து தின்னு" என்று தொடங்கி இரண்டு பக்கம். மறுநாள் மேஷ்டரு அதை வாய்விட்டுப் படித்தார். தமிழ் அறியாத அவருடைய நாவில், கன்னட ஒலியில், என் ஆயா பேசினார்.

ஆனால் கிழங்கு கிழங்காக வரவில்லை. கன்னட நெடுங்கணக்கில் இன்று ழகரம் இல்லை. நான் ளகரத்தைப் போட்டிருந்தேன். எங்கள் ஊரிலும் பலர் ளகரமாகவே ஒலிப்பார்கள். ஆயாவோ கூத்துக் கட்டும் தம் அண்ணனிடம் பாட்டுக் கேட்டுப் பழகியவர். ழகரத்தைத் திருத்தமாகச் சொல்வார். "அப்படியில்லை, மேஷ்டரே" என்று சொல்லி ஒலித்துக் காட்டினேன். அவர் மூன்று நான்கு முறை முயன்றார். பிறகு கரும்பலகையில் பழைய கன்னட எழுத்தொன்றை வரைந்தார். "இது எங்களிடமும் இருந்தது. மளெ என்று நாங்கள் சொல்லும் மழையைப் பழங்கன்னடத்தில் உங்களைப் போலவே ழகரம் போட்டு எழுதினார்கள். நாங்கள் தொலைத்துவிட்டோம். உன் பாட்டி வைத்திருந்தார்கள்" என்றார்.

அன்றிரவு தந்தையாரிடம் தமிழ் எழுத்துக் கற்றுத்தரும்படி கேட்டேன். இருப்புப்பாதையில் கேங்மேனாக உழைத்துக் களைத்து வருபவர். வியப்போடு என்னைப் பார்த்துவிட்டு, மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு தினத்தந்தி வாங்கி வந்தார். அதன் பெரிய தலைப்பெழுத்துகளே எனக்கு அரிச்சுவடி. அகரத்தில் தொடங்காமல் ழகரத்தில் தொடங்கிய மாணவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இரண்டு மாதத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தது. தந்தையார் மறைந்தபின் ஊரிலிருந்து வந்த கடிதங்களைத் தாய்க்குப் படித்துக் காட்டவும், பதில் எழுதவும் அந்தப் படிப்பே உதவியது.

மேஷ்டருக்கு என் கன்னடமும் முக்கியமாகவே இருந்தது. தமிழில் எழுதிய அக்கட்டுரையை அவர் உதவியுடன் கன்னடத்தில் மாற்றி எழுதினேன். 'சாமி' என்ற சொல்லை மட்டும் மாற்ற வேண்டாம் என்றார். அதுவரையில் பாடமாக இருந்த கன்னடம் அன்று முதல் எனக்கு ஒரு மனிதரின் மொழியாயிற்று. இன்று அலுவலகத்தில் கோப்புகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகின்றன, முகப்பில் நிற்பவர்கள் கன்னடத்தில் கேட்கிறார்கள், வீட்டில் தமிழ். இவற்றுள் ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிட வேண்டும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. பிள்ளைக்குக் கன்னடம் நன்றாக வரட்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிட்ட பெற்றோர் சிலரை நம் குடியிருப்பிலேயே காண்கிறேன். அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. அவர்கள் கண்ட தீர்வுதான் புரியவில்லை.

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பிக்கும் பணியில் நானும் சேர்ந்திருக்கிறேன். சென்ற மாதம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, வீட்டில் பாட்டி சொன்ன விடுகதைகளைக் கன்னட எழுத்தில் நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்து, தமிழ் வகுப்பில் காட்டலாமோ கூடாதோ என்று பின்னால் மறைத்து வைத்திருந்தாள். வாங்கி வாய்விட்டுப் படித்தேன். பிள்ளைகள் எல்லாரும் விடை சொல்லக் கூவினார்கள். வகுப்பு காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது. எந்த எழுத்தில் எழுதிய நோட்டாயினும் பிள்ளைகள் கொண்டுவரலாம்.