தொலைந்த பர்ஸ் திரும்பி வரும் பூங்கா

வாருங்கள் நேயர்களே, இந்த வாரம் டோக்கியோ நகரத்து உயேனோ பூங்காவைச் சுற்றிவிட்டு வருவோம். டிக்கெட் வேண்டாம், பூங்காவுக்குள் நுழையக் கட்டணமும் கிடையாது. கைப்பையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைப்பையில்தான் நம் கதையே இருக்கிறது!

உயேனோ சாதாரணப் பூங்கா அல்ல. 1873-ஆம் ஆண்டிலேயே பொதுப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டது. 1924-இல் அரச குடும்பம் அதை டோக்கியோ நகரத்துக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டது. ஒரு பக்கம் தாமரை மண்டிய ஷினோபசு குளம். இன்னொரு பக்கம் 1882-இல் திறந்த மிருகக்காட்சிசாலை. நடுநடுவே பொருட்காட்சிசாலைகள், கோயில்கள். வாசலருகே சைகோ தகமோரி என்ற வீரர் தம் நாயைப் பிடித்துக்கொண்டு வெண்கலச் சிலையாக நிற்கிறார். 1898 முதல் அவருக்கு அதே இடம்தான்.

மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதலிலும் செர்ரி மரங்கள் பூத்துவிட்டால் அங்கே கூட்டத்தைக் கேட்க வேண்டியதில்லை. நம் ஊர்த் தேர்த் திருவிழாதான். மரத்தடியில் நீல நிறத் தார்ப்பாயை விரித்து, செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நீங்களும் உட்காருகிறீர்கள். பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கித் தருகிறீர்கள். சின்னவன் ஒரு பக்கம் ஓட, பெரியவள் இன்னொரு பக்கம் இழுக்க, அவசர அவசரமாகப் புறப்பட்டு ரயில் நிலையத்துக்கு வருகிறீர்கள். டிக்கெட் வாங்கக் கைப்பைக்குள் கை விட்டால்... பர்ஸைக் காணோம்!

"ஐயோ! மாதச் செலவுக்கு வைத்திருந்த பணம் அத்தனையும் போச்சே!" என்று உங்களுக்கு நெஞ்சு படபடக்கிறது. "அப்பொழுதே சொன்னேன்" என்று பக்கத்தில் இருப்பவர் ஆரம்பிக்கிறார். அவரை விடுங்கள். நேரே பூங்காவுக்குத் திரும்பி நடங்கள்.

மிருகக்காட்சிசாலைக்கு முன்னால் சின்னஞ்சிறு போலீஸ் சாவடி ஒன்று இருக்கிறது. 'கோபான்' என்பது அதன் பெயர். ஜப்பான் முழுவதும் இப்படி ஆறாயிரத்துக்கு மேற்பட்ட சாவடிகள் உண்டு. நம் தெருமுனைப் பெட்டிக் கடை மாதிரி எங்கே திரும்பினாலும் கண்ணில் படும். வழி தெரியாதவர்களும் அங்கே போவார்கள். குழந்தையைத் தவறவிட்ட தாய்மார்களும் போவார்கள். போலீஸ் நிலையம் என்றால் நமக்குக் கால் பின்வாங்குமே, அந்தக் கூச்சம் இந்தச் சாவடியில் குறைவு.

அங்கே உங்களிடம் ஒரு படிவம் எழுதி வாங்குவார்கள். பர்ஸின் நிறம் என்ன, உள்ளே என்ன இருந்தது, எந்த நேரத்தில் எந்த இடத்தில் தொலைந்திருக்கலாம் என்றெல்லாம் கேட்பார்கள். பிறகு ஓர் எண் கொடுப்பார்கள். அந்த எண்ணைப் பத்திரப்படுத்திக்கொண்டு நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.

இதற்கிடையே பர்ஸ் என்ன ஆயிற்று? தார்ப்பாய்க்குப் பக்கத்தில் கிடந்ததை யாரோ ஒரு பாட்டியம்மா பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கையுறை, குழந்தையின் ஒற்றைச் செருப்பு போன்ற சில்லறைச் சாமான்களானால், பறிகொடுத்தவர் கண்ணில் படட்டும் என்று அருகிலுள்ள வேலியிலோ மரக்கிளையிலோ மாட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கம். பர்ஸ் அப்படி அல்லவே! அதை அவர் சாவடிக்கோ பூங்கா அலுவலகத்துக்கோ எடுத்துச் செல்வார். அவரிடமும் ஒரு படிவம் எழுதி வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பார்கள்.

இந்த ரசீதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஜப்பானில் தொலைந்த பொருள்களுக்கென்றே தனிச் சட்டம் உண்டு. 1899-இல் வந்த பழைய சட்டத்தைத் திருத்தி எழுதி, 2007 டிசம்பர் முதல் புதிய சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கண்டெடுத்தவர் ஏழு நாட்களுக்குள் பொருளை ஒப்படைக்க வேண்டும். கடை, ரயில் நிலையம் போன்ற இடங்களுக்குள் கண்டெடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அங்குள்ளவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். கெடு தவறினால் வெகுமதி பெறும் உரிமை போய்விடும்.

"வெகுமதியா?" என்கிறீர்களா? ஆமாம்! பொருள் திரும்பக் கிடைத்தவர், அதன் மதிப்பில் நூற்றுக்கு 5 முதல் 20 வரை கண்டெடுத்தவருக்குக் கொடுக்கவேண்டும் என்கிறது சட்டம். மூன்று மாதம் ஆகியும் உரியவர் தெரியவில்லையானால் பொருளே கண்டெடுத்தவருக்குச் சொந்தமாகிவிடும். "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஆனால் கைபேசி, அடையாள அட்டை, கடன் அட்டை போன்றவை எத்தனை மாதம் ஆனாலும் கண்டெடுத்தவருக்குச் சேரமாட்டா. பிறர் அந்தரங்கம் அதில் அடங்கியிருக்கிறதே!

பழைய சட்டத்தில் இந்தக் கெடு ஆறு மாதம். 1980-இல் டோக்கியோவின் கின்சா பகுதியில் ஒரு லாரி டிரைவர், சாலையோரத்தில் கிடந்த துணி மூட்டையை எடுத்துப் பார்த்தார். உள்ளே பத்துக் கோடி யென்! போலீஸில் ஒப்படைத்தார். ஆறு மாதம் வரை யாரும் வந்து நிரூபித்துக் கேட்கவில்லை. வரி போக மற்றதெல்லாம் அவருக்கே சேர்ந்தது.

சாவடிகளில் சேரும் சாமான்களில் உரியவர் வராதவை, இஇடபாஷியில் உள்ள டோக்கியோ போலீஸாரின் கிடங்குக்கு வந்து சேருகின்றன. அதைக் கிடங்கு என்பதைவிடத் தொலைந்த பொருள்களின் தர்மசத்திரம் என்று சொல்லலாம். 2018-ஆம் ஆண்டில் மட்டும் டோக்கியோ போலீஸாரிடம் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் வந்து சேர்ந்தன. அந்த ஆண்டில் வந்த கைபேசிகளில் நூற்றுக்கு 83-ம், பர்ஸ்களில் நூற்றுக்கு 65-ம் உரியவர்களிடமே திரும்பிப் போயின. உங்கள் பர்ஸுக்கும் நல்ல காலம் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

பாவம், குடைகள்தாம் அனாதைகள். அதே ஆண்டில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட குடைகள் வந்தன. தேடி வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான்! மழை விட்டதும் குடையை மறப்பதில் உலக மக்கள் யாவரும் ஒரே ஜாதி என்று தெரிகிறது. இடம் போதாமல், குடைகளையும் மலிவான துணிமணிகளையும் இரண்டு வாரத்திலேயே விற்றுவிடலாம் என்று புதிய சட்டத்தில் வழி செய்துவிட்டார்கள்.

"அப்படியானால் ஜப்பானியர் எல்லோரும் அரிச்சந்திரன் பரம்பரையா?" என்று நீங்கள் கேட்கலாம். அதுதான் இல்லை. அங்கேயும் சைக்கிள் திருட்டு உண்டு. கடை வாசலில் வைத்த குடையை வேறொருவர் 'மறந்துபோய்' எடுத்துக்கொண்டு போவதும் உண்டு. மார்க் வெஸ்ட் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் இதை ஆராய்ந்து 2003-இல் எழுதினார். பிறவிக் குணம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தெளிவான சட்டம், கண்டெடுத்தவருக்கு வெகுமதி, கூப்பிடு தூரத்தில் சாவடி, இவையெல்லாம் சேர்ந்துதான் இந்தப் பழக்கத்தைத் தாங்கி நிற்கின்றன என்பது அவர் கட்சி.

நம் மரியாதை ராமனைப் போல் அவர்களுக்கும் ஒரு நீதிபதி உண்டு. பெயர் ஓகா தடாசுகே. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த நிஜ மனிதர். ஆனால் அவர் பெயரில் வழங்கும் கதைகளில் பல கற்பனை. அதில் ஒன்று இது: ஒரு தச்சன் தொலைத்த மூன்று பொற்காசை ஒரு கொத்தன் கண்டெடுத்துத் தேடிப் போய்க் கொடுத்தான். "தொலைந்தது தொலைந்ததுதான், எனக்கு வேண்டாம்" என்றான் தச்சன். "ஊரான் காசு எனக்கு எதற்கு?" என்றான் கொத்தன். பேச்சு முற்றி வழக்கு ஓகாவிடம் வந்தது. அவர் தம் கையிலிருந்து ஒரு காசு போட்டு நான்காக்கி, ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தார். "மூன்று கிடைக்கவேண்டிய உங்கள் இருவருக்கும் தலைக்கு ஒன்று நஷ்டம்; எனக்கும் ஒன்று நஷ்டம். கணக்குச் சரியாயிற்றா?" என்றாராம். ஜப்பானியக் கதைசொல்லிகள் இன்றைக்கும் மேடையில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட மேலானது ஒன்று உண்டு. பூங்காவில் பத்து யென் காசைக் கண்டெடுத்த குழந்தையை, தாய் சாவடிக்கு அழைத்துப் போவது அங்கே சகஜம். அந்தக் காசுக்கு ஒரு மிட்டாய்கூட வருமோ, வராதோ! ஆனாலும் போலீஸ்காரர் சிரித்துத் தட்டிக் கழிக்காமல், எங்கே கிடைத்தது என்று கேட்டு எழுதிக்கொள்வார். பெரியவர்கள் மதித்து எழுதிக்கொண்டதைப் பார்த்த குழந்தை, பிறகு கனத்த பர்ஸைக் கண்டாலும் அதே சாவடியைத்தான் தேடும்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் சளைத்தது அல்ல. கண்டெடுத்த பொருளைத் தம் வசம் வைத்திருப்பவர் அதற்குப் பொறுப்பாளி என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். உரியவர் இன்ன வெகுமதி என்று அறிவித்திருந்தால் அதை வழக்குப் போட்டுக்கூட வாங்கலாம். உரியவரிடம் சேர்க்க எடுத்து வைப்பது குற்றம் ஆகாது. ஆனால், உரியவரைத் தேட நியாயமான முயற்சி எதுவும் செய்யாமல் "கிடைத்தவனுக்குப் புதையல்" என்று வைத்துக்கொண்டால் அது தண்டனைக்குரிய குற்றம். பழைய தண்டனைச் சட்டத்திலும் இது இருந்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் இருக்கிறது.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை பிள்ளைகளுடன் பூங்காவுக்குப் புறப்படுமுன் பர்ஸுக்குள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு சீட்டை வையுங்கள். குழந்தையின் சட்டைப் பையிலும் ஒன்று வையுங்கள். புறப்படும்போது உட்கார்ந்த இடத்தை ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.

அங்கே உங்கள் மகன் ஓடி வந்து, "அம்மா, இந்தா, அம்பது ரூபாய் கிடைச்சுது!" என்று நோட்டை நீட்டினால், பதில் சொல்லுமுன் கொஞ்சம் யோசியுங்கள். அவன் உங்கள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருப்பான்.