உப்புத் தண்ணீரில் இறங்கும் சில்லுக்குப் பிரேக்

போட் ஏற்றும் ட்ரெய்லருக்குப் பிரேக் எதற்கு என்று காரைதீவில் இன்றும் கேட்கிறார்கள். ட்ரெக்டரின் பின்னால் மணலில் மெதுவாக உருளும்வரை அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் நிலைமை மாறிவிட்டது. 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாய் மணலால் தூர்ந்தது. ஒலுவில், நிந்தவூர்ப் பக்கக் கரையைக் கடல் அரித்தது. போட் விடுகிற இடத்தைத் தேடி, கெப் வாகனத்தில் பூட்டி, பிரதான வீதியால் கொண்டுபோகிறார்கள். அந்த வீதியில்தான் பஸ்ஸும் ஓட்டோவும் சைக்கிளில் போகிற பள்ளிப் பிள்ளைகளும்.

வேகம் 30இலிருந்து 60 ஆனால், நிறுத்துவதற்குப் பிரேக் விழுங்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகும். ட்ரெய்லரில் பிரேக் இல்லையென்றால் அதன் பாரமும் கெப்பின் தலையில்தான். வளைவில் சடாரென்று மிதித்தால் போட்டின் பாரம் கெப்பின் பின்பக்கத்தைத் தள்ளிவிடும். ஐரோப்பாவில் மொத்தப் பாரம் 750 கிலோவைத் தாண்டும் ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம்.

என்னிடம் வரும் பல ட்ரெய்லர்கள் பழைய வேன் அச்சில் வெல்டிங் செய்தவை. டிரம் இருக்கும், ஆனால் உள்ளே எல்லாம் கறள். கடலில் இறங்கிய டிரம்முக்குள் போன உப்புத் தண்ணீர் முழுதாக வெளியே வராது. ஷூவின் லைனிங் கழரும், ஸ்பிரிங் அறும், வீல் சிலிண்டரின் பிஸ்டன் இறுகும். ஒரு சில்லு பிடித்து மற்றது பிடிக்காமல் ட்ரெய்லர் ஒருபக்கம் இழுப்பது அதைவிட ஆபத்து. அதனால் நான் டிஸ்க்கைத்தான் பூட்டுகிறேன். திறந்து கிடப்பதால் தண்ணீர் வடிந்துவிடும், கழுவவும் இலகு. டிஸ்க்குக்கும் கறள் வரும். முடிந்தால் துருப்பிடிக்காத உருக்கில் வாங்க வேண்டும். ஒயில் குழாய்க்குச் சாதாரண இரும்பை நான் தொடுவதில்லை, செம்பு நிக்கல் கலந்த குழாய்தான்.

ட்ரெய்லரின் பிரேக்குக்குக் கெப்பின் பிரேக்கோடு தொடுப்பு வேண்டியதில்லை. கெப் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னே தள்ளும். வழுக்கும் கப்ளிங் அந்தத் தள்ளலை மாஸ்டர் சிலிண்டருக்குக் கொடுக்கும். சிக்கல், போட்டை இறக்கப் பின்னே தள்ளும்போது வரும்: மணலில் சில்லு இறுக, கப்ளிங் அதையும் பிரேக் என்றே எடுத்துக்கொள்ளும். ரிவர்ஸ் லைட்டோடு இணைக்கும் மின் வால்வு உண்டு, ஆனால் அதன் வயர் உப்பில் நெடுநாள் தாங்காது. எனக்குப் பிடித்தது கையால் செருகும் பூட்டு ஆணி, சிவப்புப் பெயின்ட் அடித்தது. அதை எடுக்காமல் வீதிக்கு ஏறினால் பிரேக் இல்லாத ட்ரெய்லர்தான். செருகுவதும் எடுப்பதும் ஒரே ஆளின் பொறுப்பாக இருக்க வேண்டும்.

ஒயில் குழாயிலிருந்து காற்று எடுக்கும் வேலை பொறுமை கேட்கும். மிதிக்கப் பெடல் இல்லை. மாஸ்டர் சிலிண்டரைக் கம்பியால் நெம்பி நெம்பி, தூரத்துச் சில்லிலிருந்து தொடங்க வேண்டும். பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும். டொட் 3 ஒயில் புதிதில் 205 பாகைக்குக் குறையாமல் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140. ஆகவே வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஓடி வந்த சூட்டோடு சில்லைக் கடலில் இறக்க விடவே மாட்டேன். சூடான ஹப் திடீரெனக் குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, சீலின் வழியே உப்புத் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் பால்போல் வெளுக்கும், பிறகு பெயாரிங் போகும். ஹப்பைத் தொட்டுப் பார்த்து, ஆறிய பிறகே இறக்க வேண்டும்.

கடலிலிருந்து ஏறியதும் கழுவச் சொன்னால், “தம்பி, கடற்கரையில பைப் எங்க இருக்கு?” என்று சாய்ந்தமருதுக் காக்காமார் கேட்பார்கள். இரண்டு கேனில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுபோங்கள் என்பதே என் பதில். எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய டிஸ்க்கும் கழுவாமல் விட்டால் நிலைக்காது.

பிரேக் பூட்டும் வேலைக்கு ஆகும் செலவு ஒரு புது எஞ்சின் விலையில் சிறு பங்குதான். வாடை தொடங்கி போட்டைக் கரையேற்றுமுன் ட்ரெய்லரை ஜாக்கில் தூக்குங்கள். ஒவ்வொரு சில்லையும் கையால் சுற்றுங்கள். ஒருவர் கப்ளிங்கை நெம்ப, நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். சுற்றாத சில்லோ நிற்காத சில்லோ ஒன்றிருந்தாலும் அன்றைக்குப் போட்டை ஏற்ற வேண்டாம்.